கொழும்பில் ஒரு கிழமை: கேபிள், கொள்கலன், குப்பை

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

யாழ்தேவி ரயில் கொழும்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கிருந்து கரையோர ரயிலில் வெள்ளவத்தைக்கு வந்தேன். மாமி இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கூரைகளில் சோலார் பூட்டுவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் சின்னக் கடை, உதவிக்கு இரண்டு மூன்று பெடியன்கள். இதே மாதிரித் தொழில்களில் இருக்கும் தென்னாசியக்காரர்களைக் கூப்பிட்டு, மின்சாரம், உட்கட்டுமானம், நகர அபிவிருத்தி ஆகியவற்றில் அயல்நாடுகள் எப்படி ஒத்துழைக்கலாம் என்று கதைக்கவிடும் செயலமர்வு ஒன்று கொள்ளுப்பிட்டியில் நடக்கிறது. எனக்கும் அழைப்பு வந்தது. ஹோட்டல் அறை வேண்டாம், மாமி வீடு இருக்கிறது என்று எழுதிவிட்டேன். தினமும் இரவில் இங்கே கொஞ்சம் எழுதிப் போடலாம் என்று நினைக்கிறேன்.

வரும் வழியில் ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு வந்தது தண்டவாளத்தைத்தான். ஓமந்தைக்கு வடக்கே யுத்தத்தில் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டைகளும் இல்லை என்றாகிப் பல வருடங்கள் கிடந்த பாதை அது. கட்டைகள் பங்கருக்குப் போயின. இந்தியக் கடனில் இந்திய அரசு நிறுவனமான இர்கொன் திரும்பப் போட்டுக்கொடுத்து, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. பிறகு மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றரையும் அவர்களே புதுப்பித்தார்கள். ஒத்துழைப்பு என்றால் என்ன என்று நாளைக்கு யாரும் கேட்டால், காலையில் ஏறி மாலையில் இறங்கினேன் என்று சொல்லலாம். ஆனால் இது இரண்டு நாடுகளுக்கு இடையிலான கடன். இதைப் பிராந்தியம் என்று சொல்லலாமா?

மாமா நித்திரைக்குப் போய்விட்டார். அவர் மின்சார சபையில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாளை இரவு அவரைப் பிடிக்க வேண்டும்.

திங்கள்

காலையில் அறிமுகம், மதியம் வரை உரைகள். பெயர்கள் மழையாகக் கொட்டின. தென்னாசிய நாடுகளின் சார்க், வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக், இன்னும் சாசெக், ஐயோரா என்ற கூட்டமைப்புகள். எனக்குப் பக்கத்தில் இருந்த காத்மாண்டுக்காரர் குறிப்புப் புத்தகத்தில் யானை கீறிக்கொண்டிருந்தார்.

உரைகளில் இருந்து உருப்படியாக எடுத்தவை கொஞ்சம். சார்க் நாடுகள் 2014 நவம்பரில் காத்மாண்டு மாநாட்டில் மின்சாரத்தை எல்லை தாண்டி விற்கவும் வாங்கவும் ஒரு சட்டக உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தன. அதற்குப் பிறகு சார்க் உச்சிமாநாடே நடக்கவில்லை. பிம்ஸ்டெக் 2018இல், அதுவும் காத்மாண்டுவில், மின்வலையமைப்புகளை இணைக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றைச் செய்தது. 2022 மார்ச்சில் கொழும்பு நடத்திய பிம்ஸ்டெக் மாநாட்டில் அமைப்புக்கு ஒரு சாசனமும் போக்குவரத்து இணைப்புக்கு ஒரு பெருந்திட்டமும் கிடைத்தன. அதே மார்ச்சில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை. தலைவர்கள் திரையில் கைகூப்பிக்கொண்டிருந்தபோது மாமி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றாராம்.

அந்த வருடம் எங்களைத் தூக்கிவிட்டது மாநாட்டுத் தீர்மானமல்ல, இந்தியா எரிபொருளுக்கும் மருந்துக்கும் உணவுக்கும் தந்த கடன் வசதிகள். அதுவும் இரு தரப்பு.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 2025 பெப்ரவரி 9 பற்றிக் கேட்டேன். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொட்டதால் நாடு முழுவதும் இருண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை. உலகமே சிரித்தது. மாமாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“இஞ்ச பார் தம்பி, குரங்கு எந்த நாட்டிலையும் ஏறும். ஒரு உபநிலையம் விழுந்தால் ஊர் இருளவேணும், நாடு இருளக்கூடாது. ஏன் நாடு இருண்டது எண்டு கேள்.”

கேட்டேன். ஞாயிறு முற்பகல், கந்தோரும் தொழிற்சாலைகளும் பூட்டு, தேவை குறைவு. வெயில் நல்லாக எறிக்கிறது, கூரைகளில் இருந்து சோலார் வந்து கொட்டுகிறது. அதனால் நீர், அனல் நிலையங்களின் கனமான சுழலிகள் பலவற்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்தச் சுழலிகளின் பாரம்தான் ஒரு அதிர்ச்சி வரும்போது வலையமைப்பின் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் சில செக்கன்கள் தாங்கிப் பிடிப்பது. சோலாருக்கு அந்தப் பாரம் கிடையாது. பாணந்துறையில் பழுது வந்ததும் அதிர்வெண் சரிந்தது, மின்நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன, கடைசியில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் விழுந்தது. நிலக்கரி நிலையம் விழுந்தால் உடனே எழும்பாது. அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணிநேரம் மின்வெட்டு.

என் தொழில்தான் இதில் அரைவாசிக் குற்றவாளி என்று எனக்குத் தெரியும். கூரைச் சோலார் நாட்டில் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. முழு நாட்டின் உச்சத் தேவையே 3,000க்குக் கிட்டத்தான். 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வாடிக்கையாளர்களைக் கேட்டது. எனக்கு அன்று வந்த தொலைபேசி அழைப்புகளை நான் மறக்கமாட்டேன். “தம்பி, வெயிலுக்கும் விடுமுறையோ?” என்று கோண்டாவிலில் ஒரு ரீச்சர் கேட்டா.

பகலில் மிஞ்சுகிறது, இரவில் போதவில்லை. மிஞ்சுவதைப் பக்கத்து வீட்டுக்கு விற்று, இரவில் அங்கிருந்து வாங்கினால் என்ன? பக்கத்து வீடு தமிழ்நாடு. இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் 2,50,000 மெகாவாட். எங்கள் 500 மெகாவாட் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல, எங்களுக்கு அது மூச்சு. மதுரையிலிருந்து அனுராதபுரம் வரை, நடுவில் கடலடிக் கேபிளுடன், முதலில் 500, பிறகு 1,000 மெகாவாட் என்ற வரைபடம் 2010 தொடக்கம் இருக்கிறது. இரண்டு நாடும் 50 ஹேர்ட்ஸ்தான், ஆனாலும் நேரோட்டமாக (DC) மாற்றித்தான் அனுப்ப வேண்டும். கடலுக்கடியில் ஆடலோட்டம் (AC) தூரம் போகாது, அதைவிட, ஒரு பக்கத்தில் பழுது வந்தால் மற்றப் பக்கத்துக்குத் தொற்றக்கூடாது. காசு போவது கேபிளுக்கு மட்டுமல்ல, இரண்டு கரையிலும் நிற்கும் மாற்றி நிலையங்களுக்கும். இதெல்லாம் மாமா ஒரு பழைய மின்கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தில் கீறிக் காட்டியவை.

2025 ஏப்ரல் 5ஆம் திகதி மோடி கொழும்பில் நின்றபோது இதற்குத் திரும்பவும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. மாமா அதைச் சொல்லிவிட்டு, தான் 70களில் கொழும்புத் திட்டப் புலமைப்பரிசிலில் வெளிநாடு போய்ப் படித்த கதைக்குத் தாவிவிட்டார். 1950இல் இங்கே கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் தொடக்கிவைத்த திட்டம் அது. செயலகம் இன்றும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. ஆட்களை அனுப்பிப் படிப்பித்த அந்த முறை, மாமாவின் தலைமுறை யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர்களில் எத்தனை பேரை உருவாக்கியது என்பதை அவர் பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினார். பதினொரு மணிக்கு மாமி வந்து லைற்றை நிறுத்தினார்.

செவ்வாய்

இன்று வெளிக்கள நாள். காலிமுகத்திடலில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இறால் வடை வண்டிகள் அந்த நேரத்துக்கு இன்னும் வரவில்லை.

திடலில் நின்று கடலைப் பார்த்தால் இப்போது பாதிக் கடல்தான் தெரியும். மிச்சம் துறைமுக நகரம். 2014 செப்டெம்பரில் சீன சனாதிபதி வந்து தொடக்கிவைத்தது, 2015இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது, 2016இல் மீண்டும் தொடங்கியது, 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டேயர் மண் கடலுக்குள் நிரப்பி முடிந்தது. கட்டிடங்கள் குறைவு. அகலமான தெருக்களில் காற்று நிறைய.

எனக்குப் பிடித்தது அதற்கு வடக்கே இருக்கும் துறைமுகம். தெற்குத் துறையின் அலைதடுப்பு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் ஒரு கொரிய நிறுவனம் கட்டியது. அந்த ஒரே அலைதடுப்புக்குள் 2013 தொடக்கம் ஒரு முனையம் இயங்குகிறது. அதில் சீன நிறுவனமான சைனா மேர்ச்சண்ட்ஸுக்கு 85 வீதம், எங்கள் துறைமுக அதிகார சபைக்கு 15. 2025 ஏப்ரலில் மேற்கு முனையம் தொடங்கியது. அதில் இந்தியாவின் அதானிக்கு 51, இலங்கை நிறுவனமான ஜோன் கீல்ஸுக்கு 34, அதிகார சபைக்கு அதே 15. இதற்கு அமெரிக்க அரசின் நிதி நிறுவனம் 553 மில்லியன் டொலர் கடன் தருவதாக 2023இல் அறிவித்தது. 2024 கடைசியில் அந்தக் கடன் வேண்டாம் என்று அதானியே சொல்லிவிட்டார்கள். நடுவில் கிழக்கு முனையக் கதை. 2019இல் ஜப்பானும் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து செய்வதாக ஒப்பந்தம். மூன்று நாடு ஒரு மேசையில் இருந்த அபூர்வமான ஒன்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, 2021 பெப்ரவரியில் அரசு விலகிக்கொண்டது.

சீனக் கிரேனும் இந்தியக் கிரேனும் ஒரே அலைதடுப்பின் மறைவில் ஒரே நேரம் கொள்கலன் பெட்டி இறக்குவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துழைக்கவில்லை. இருவரும் தனித்தனியே எங்களோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். கொழும்பில் இறங்கி மாறிப்போகும் பெட்டிகளில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போவது அல்லது அங்கிருந்து வருவது. ஆகவே இந்தியாவுக்கு இந்தத் துறைமுகம் வேண்டும், சீனாவுக்கும் வேண்டும், எங்களுக்கு இருவரின் காசும் வேண்டும். இது வியாபாரம். வியாபாரத்தில் பிழை ஒன்றுமில்லை, அதற்கு வேறு பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது டாக்காவிலிருந்து வந்த அக்கா கேட்டார், இந்த ஊரில் மெற்றோ இல்லையா என்று. யாராவது இதைக் கேட்பார்கள் என்று தெரியும். கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றர் இலகு ரயில், ஜப்பான் கடன், மிகக் குறைந்த வட்டி. கடன் ஒப்பந்தம் 2019இல் எழுதியாயிற்று. 2020 செப்டெம்பரில் செலவு கூடிய திட்டம் என்று நிறுத்தினார்கள். டாக்காவில் அதே ஜப்பான் கடனில் மெற்றோ 2022 கடைசியில் ஓடத் தொடங்கியது. அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் எங்கள் பஸ் அப்போது அசையாமல் நின்றது.

இரவு தீவுப்பகுதி நண்பன் ஒருவன் தொலைபேசி எடுத்து, நெடுந்தீவுக் கதையை அங்கே சொன்னாயா என்று கேட்டான். சொன்னேன். வெளியூர்க்காரருக்காக இங்கேயும்: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேற்றரில் ஓடிவந்தவை. சோலார், காற்று, பற்றரி சேர்ந்த கலப்பு மின்நிலையம் போட ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு கேள்விகோரி, 2021 தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் தீவுகளிலிருந்து தமிழ்நாட்டுக் கரை கூப்பிடு தூரம், இந்தியா முகம் சுளித்தது. வருடக் கடைசியில் திட்டம் நின்றது. 2022இல் இந்தியா நன்கொடையாகவே செய்து தருகிறேன் என்று ஒப்பந்தம், 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை. பனல் எந்த நாட்டுக் கொடியோடு வந்தது என்று நெடுந்தீவில் யாரும் கேட்கப் போவதில்லை. நடுவில் போன வருடங்களுக்கு டீசல் யார் காசு என்று கேட்பார்கள்.

புதன்

மழை. செயலமர்வில் குழு வேலை, வண்ண வண்ணக் கடதாசித் துண்டுகளைச் சுவரில் ஒட்டினோம். எழுத ஒன்றுமில்லை.

பின்னேரம் மாமியோடு செட்டியார் தெருவுக்குப் போனேன், ஒரு சங்கிலி திருத்த வேண்டுமாம். கதிரேசன் கோவில்களில் ஆடிவேலுக்கு ஆயத்தம் நடக்கிறது. நகைக்கடைக்காரர் கூரையில் சோலார் போட விலை கேட்டார். கொழும்பில் நான் வேலை எடுப்பதில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

வியாழன்

இந்தப் பயணத்தில் நல்ல நாள் இன்றுதான். செயலமர்வுக்கு அரை நாள் விடுமுறை. சென்னைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், குப்பை மேடுகளைக் கிளறிப் பிரிக்கும் வேலையில் இருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனால் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார். நான் அண்ணா என்கிறேன். “சார், உங்க ஊரு சதுப்பு நிலத்தை ஒரு தடவை பாத்துடணும்” என்று முதல்நாளே கேட்டிருந்தார். பிக்மீ செயலியில் ஓட்டோ பிடித்து பெத்தகானவுக்குப் போனோம். உள்ளே போக வெளிநாட்டவருக்குத் தனி விலை. அவர் சிரித்துக்கொண்டு கட்டினார்.

நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், கோட்டேயில், பலகை நடைபாதை போட்ட சதுப்பு நிலப் பூங்கா அது. நீலத்தாழைக்கோழிகள் பயமில்லாமல் குறுக்கே நடந்தன. மீன்பிடிப் பூனை இந்த நகரத்துச் சதுப்புகளில் வாழ்கிறது. இரவில்தான் வெளியே வருமாம், எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு நகரம் தன் பள்ளங்களை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இங்கே நேரடியான கணக்கு இருக்கிறது. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் நாடாளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் வந்தது. 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்பு வெள்ளத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. வாய்க்கால்களை அகலப்படுத்துவதோடு, சதுப்பு நிலங்களை நிரப்பவிடாமல் வைத்திருப்பதும் அதில் ஒரு பகுதி. மழைத்தண்ணீர் களனி ஆற்றுக்கும் கடலுக்கும் போகும்வரை தங்கி நிற்க இடம் வேண்டும். அந்த இடத்தில் வீடு கட்டினால் தண்ணீர் அந்த வீட்டுக்குள்ளேயே தங்கும். 2018இல், சதுப்பு நிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கை உலகத்தில் முதன்முதலாக 18 ஊர்களுக்குச் சதுப்பு நில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தபோது கொழும்பும் அதில் இருந்தது. தென்னாசியாவில் இருந்து அப்போது கொழும்பு மட்டும். 2025 ஜனவரியில் இந்தியாவின் இந்தூரும் உதய்ப்பூரும் சேர்ந்தன.

சென்னை அண்ணாவுக்கு இது சாதாரணமான உலா அல்ல. அவர் வேலை செய்வது பெருங்குடியில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே பல வருடங்களாகக் கொட்டிய குப்பை மேடு. 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. அதே வருடம் பள்ளிக்கரணைக்கும் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. “ஒரு பக்கம் ராம்சார், ஒரு பக்கம் குப்பை, நடுவுல ஐடி கம்பெனி” என்றார். 2015 வெள்ளத்தில் அவர் வீட்டில் முதல் மாடி வரை தண்ணீர்.

அங்கிருந்து மீதொட்டமுல்லவுக்குப் போக வேண்டும் என்றார். ஓட்டோக்காரர் ஏன் என்று திரும்பிப் பார்த்தார். புளூமெண்டால் குப்பை மேட்டை மூடிய பிறகு கொழும்பின் குப்பை எல்லாம் கொலன்னாவைக்குப் பக்கத்து இந்த இடத்துக்குத்தான் வந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள் பிற்பகல், மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் போயின. இப்போது புல் மூடிய ஒரு குன்று. தெரியாதவர் யாரும் இயற்கையான மலை என்று நினைப்பார். அண்ணா பக்கச் சரிவைப் பார்த்து, வாயு போகக் குழாய் எங்கே, தண்ணீர் வடிய வழி எங்கே என்று தொழில்காரர் கண்ணோடு தேடிக்கொண்டு நின்றார்.

குப்பை அதற்குப் பிறகு எங்கே போனது என்று கேட்டார். ஒரு பங்கு கெரவலப்பிட்டியில் எரிந்து 10 மெகாவாட் மின்சாரமாகிறது. 2021இல் தொடங்கிய நிலையம் அது. மற்றப் பங்குக்குப் புத்தளம் மாவட்டத்து அறுவாக்காட்டில் இடம் பார்த்தார்கள், கொழும்பிலிருந்து 170 கிலோமீற்றர். புத்தளத்துச் சனங்கள், பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள், தெருவில் நாட்கணக்கில் இருந்து எதிர்த்தார்கள். சீமெந்துத் தொழிற்சாலைத் தூசி ஏற்கெனவே அவர்களுக்கு. நுரைச்சோலைச் சாம்பல் ஏற்கெனவே அவர்களுக்கு. கொழும்பின் குப்பையும் வேண்டுமா என்பது அவர்களின் கேள்வி. அதற்கு யாரும் இன்றைக்கும் நேர்ப் பதில் சொல்லவில்லை.

நிலைத்த அபிவிருத்தி பற்றி எந்த மேடையில் கேட்டாலும் எனக்கு இனிப் புத்தளம்தான் ஞாபகம் வரும். தலைநகரின் மின்சாரம் அங்கே எரிந்து வருகிறது, தலைநகரின் கழிவு அங்கே போகிறது. நாடுகளுக்கு இடையே நியாயம் பேசுவதற்கு முதல் மாவட்டங்களுக்கு இடையே கொஞ்சம் பேசலாம். மன்னார்க்காரரும் இதைத்தான் சொல்கிறார்கள். 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைகள் அங்கே சுழல்கின்றன. பறவைகள் வரும் வழி, மழைத்தண்ணீர் வடிகிற வழி, இரண்டையும் பற்றி எங்களிடம் யார் கேட்டது என்கிறார்கள். அதானியின் 484 மெகாவாட் மன்னார்–பூநகரித் திட்டம், அலகு 8.26 சதம் டொலர் என்ற விலையில் தகராறாகி, 2025 பெப்ரவரியில் அவர்களே விலகிப் போய்விட்டார்கள். விலை கூடவா குறையவா என்று பத்திரிகைகள் நிறைய எழுதின. மன்னார்த் தீவுக்காரரின் கேள்வி அவற்றில் கடைசிப் பந்தியில் இருந்தது.

திரும்பும்போது அண்ணா சொன்னது இது: பெருங்குடியில் பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்க என்ன இயந்திரம், ஒரு தொன்னுக்கு என்ன செலவு, மண் எங்கே போகிறது, எல்லாக் கணக்கும் என்னிடம் இருக்கிறது, உங்கள் மாநகர சபை கேட்டால் சும்மாவே தருவேன், ஆனால் கேட்க யாருக்கு அதிகாரம் என்றுதான் தெரியவில்லை. மாநகரத்துக்கு மாநகரம் எழுத முடியாது, கடிதம் வெளிவிவகார அமைச்சு வழியாகப் போய்ச் சுற்றி வர வேண்டும். சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் ஒன்றரை மணிநேரம் என்பதையும் அவரே சொன்னார்.

வெள்ளி

கடைசி நாள். காத்மாண்டுக்காரர் யானை கீறுவதை விட்டுவிட்டுப் பேசினார், நல்லாகவும் பேசினார்.

பத்து வருடங்களுக்கு முன் அவர் ஊரில் மாரிகாலத்தில் நாளுக்குப் பாதிக்கு மேல் மின்வெட்டு. 2016இல் தல்கேபர்–முசாபர்பூர் மின்பாதை இந்தியாவோடு திறந்தது, மின்சார அதிகார சபையை நடத்த குல்மான் கிசிங் வந்தார், மின்வெட்டு ஒழிந்தது. இப்போது மழைக்காலத்தில் மிஞ்சுகிற நீர்மின்சாரத்தை விற்கிறார்கள். 2024 ஒக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்காளதேசம் மூன்றும் கையெழுத்திட்டு, நவம்பர் 15ஆம் திகதி ஒரு நாள் மட்டும் 40 மெகாவாட் இந்தியக் கம்பிகள் வழியாக வங்காளதேசத்துக்குப் போனது. 2025 ஜூனில் இருந்து ஒழுங்காகப் போகிறது. வருடத்தில் ஐந்து மாதம், ஐந்து வருடத்துக்கு, அலகு 6.40 சதம் டொலர், நடுவில் இந்தியாவுக்குக் கம்பிக்கூலி தனி. 40 மெகாவாட் என்பது எங்கள் புத்தாண்டுப் பகலில் நிறுத்தச் சொன்னதில் ஒரு துளி. ஆனால் மூன்றாவது நாடு ஒன்று நடுவில் நின்று வழிவிட்டிருக்கிறது. இந்தக் கிழமையில் நான் கேட்டவற்றில் பிராந்தியம் என்று கூப்பிடத் தகுந்தது இது ஒன்றுதான்.

நான் கைதட்டினேன். டாக்கா அக்கா தட்டவில்லை. பிறகு கையை உயர்த்தினார்.

அவர் சொன்னதன் சுருக்கம்: வங்காளதேசத்துக்கு இந்தியாவோடு மின்னிணைப்பு 2013 தொடக்கம் இருக்கிறது. பெராமராவில் நேரோட்ட மாற்றி நிலையம், முதலில் 500, பிறகு 1,000 மெகாவாட். அது நல்லாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஜார்க்கண்டில் வங்காளதேசத்துக்கென்றே கட்டிய 1,600 மெகாவாட் அதானி நிலக்கரி நிலையம், 2024 கடைசியில் பாக்கி நிலுவையால் விநியோகத்தைப் பாதியாகக் குறைத்தது. டொலர் இல்லாத நேரத்தில்தான் நிலுவை வரும், டொலர் இல்லாத நேரத்தில்தான் மின்சாரமும் மிகவும் தேவை. “2022இல் உங்களிடம் அந்தக் கேபிள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. இரண்டு திசையிலும் ஓடினால், என்றேன். பகலில் நாங்கள் அனுப்பிய அலகு இரவில் வாங்கும் அலகுக்குக் கழியும் என்றால் டொலர் குறைவாகத்தான் கைமாறும். அதற்கு விலையை அலகுக் கணக்கில் எழுத வேண்டும், சும்மா இறக்குமதி ஒப்பந்தமாக எழுதக்கூடாது. காத்மாண்டுக்காரர் தலையாட்டினார், தங்கள் மாரிகாலக் கொடுக்கல் வாங்கலும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். மழைக்கு விற்று, குளிருக்கு வாங்குகிறார்கள்.

பிற்பகலில் பரிந்துரைகளை எழுதினோம். டாக்கா அக்கா ஒரு வரி போடச் சொன்னார்: எந்த எல்லை தாண்டிய மின் ஒப்பந்தத்திலும், காசு பிந்தினால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும், எவ்வளவு குறைக்கலாம், வைத்தியசாலைகளுக்கும் நீர்ப்பம்பிகளுக்கும் எவ்வளவு கட்டாயம் விட வேண்டும் என்பவை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் ஒரு வரி போட்டேன்: மின்பாதை போகும் ஊர்க்காரர் ஒப்பந்தத்துக்கு முன்னரே மேசைக்கு வர வேண்டும். சென்னை அண்ணா, மாநகர சபைகள் ஒன்றுக்கொன்று நேரடியாக எழுதிக்கொள்ள வழி வேண்டும் என்றார். ஏற்பாட்டாளர்கள் வாசித்துப் பார்த்து, முதல் வரி கொஞ்சம் எதிர்மறையாக இருக்கிறது, மென்மையாக்கலாமா என்று கேட்டார்கள். மென்மையாக்கிய வடிவத்தில் “நிதி நெகிழ்வுத்தன்மை” என்று இருக்கிறது. என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

மாமாவிடம் இரவு இதைச் சொன்னேன். “அந்த மனுசி மின்சார சபையிலை வேலை செய்திருக்கவேணும்” என்றார்.

நாளை காலை ரயில். திங்கட்கிழமை புங்குடுதீவில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது, இந்தமுறை பனலோடு பற்றரியும் சேர்த்துத்தான். கூரை மின்சாரத்துக்கு அரசு கொடுக்கும் விலை குறைந்துகொண்டே வருகிறது, பகலில் விற்பதைவிட இரவுக்கு வைத்திருப்பதுதான் இனிக் கணக்குக்குச் சரி. கேபிள் வரும்வரை நான் செய்யக்கூடியது அவ்வளவுதான். பற்றரி இரண்டு மருதானையில் வந்து நிற்கிறதாம். ரயிலில் பார்சல் பெட்டியில் ஏற்ற விடுவார்களா என்று காலையில் வெள்ளனவே போய்க் கேட்க வேண்டும்.